மெல்லப் பாடினால்தான் சொல் கேட்கும்

பூச்சி, நோய், உரம், மானியம். கேள்வி-பதில் பகுதிக்கு என் பெயரைக் குறிப்பிட்டு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். சென்ற மாதம் வந்த ஒரு கடிதம் அப்படி இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார்.

"எங்களுடையது பரம்பரையாகக் கூத்துப் பாடிய குடும்பம். 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. என் தம்பி மகன் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். மீதி நேரத்தில், சுற்றுவட்டாரத்தில் கவிதை எழுதுகிறவர்களிடம் கவிதையை வாங்கி மெட்டுப் போட்டுப் பாடுகிறான். மேளம் கிடையாது, தாளம் கிடையாது. தாலாட்டு மாதிரி மெதுவாகப் பாடுகிறான். இதை யார் கேட்பார்கள்? இதனால் விவசாயிக்கு என்ன பிரயோஜனம்? நீங்கள் வந்து அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்."

நான் படித்தது வேளாண்மை. பாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் 'விவசாயிக்கு என்ன பிரயோஜனம்' என்று கேட்டிருக்கிறாரே, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் வேலை. கிராமமும் நான் போய்வரும் பகுதியில்தான் இருக்கிறது. வயலைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. பாட்டைக் கேட்காமல் புத்தி சொல்வதும் முறையல்ல. போய்க் கேட்டேன். கேட்டதையும், அதை ஒட்டி எனக்குத் தெரிந்த சில செய்திகளையும் இங்கே எழுதுகிறேன். ஒரு பெட்டிச் செய்தியில் அடங்குகிற பதில் இல்லை இது.

பாட்டு எங்கே போனது?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பார்கள். ஆற்றுப் பாசனம் குறைவு; ஏரியை நம்பித்தான் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும். நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த காலத்தில், நடவு நேரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், எந்தக் கழனியில் ஆள் இறங்கியிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும், இருபது குரல் வாங்கிக்கொள்ளும்.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிப்பு தொடங்கியது. 2010-க்குப் பிறகு ஒரகடம் பக்கம் கார், லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. நடவு நட்ட பெண்களின் மகள்கள் காலை 5 மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினார்கள். கழனிக்கு ஆள் கிடைக்கவில்லை. பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் வந்தன. இயந்திரத்துக்கு வரிசை பிசகாது. அதற்குப் பாட்டுத் தேவையில்லை.

இதைச் சொல்லி ஒப்பாரி வைக்க நான் விரும்பவில்லை. ஒரு முறை 70 வயதைத் தாண்டிய ஓர் ஆயாவிடம், "நடவுப் பாட்டெல்லாம் போச்சே ஆயா" என்றேன். "இடுப்பு வலியும்தான் போச்சு. பாட்டு போனதுக்கு வேணா அழுவறேன், இடுப்பு வலி போனதுக்கு இன்னாத்துக்கு அழுவணும்?" என்றார். அதுதான் நேர்மையான கணக்கு. வேலையோடு பிறந்த பாட்டு வேலையோடு போனது. யார் மீதும் குற்றமில்லை.

ஆனால் பாட்டோடு வேறு சிலவும் போயின. ஏற்றப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது களைப்புத் தெரியாமலிருக்க மட்டும் பாடியதல்ல. எத்தனை சால் தண்ணீர் இறைத்தோம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளவும் பாடியது. பாட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ, பாசனம் அந்த இடத்தில் நிற்கிறது என்று பொருள். கம்பர் வழியில் ஓர் ஏற்றப் பாட்டைக் கேட்டு நின்றாராம். பொழுது சாய்ந்ததால் இறைக்கிறவர் பாதி வரியோடு நிறுத்திவிட்டுப் போக, மீதி வரி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்து, மறுநாள் காலை வந்து கேட்டுவிட்டுத்தான் போனாராம். கதைதான். ஆனாலும் கவிச்சக்கரவர்த்தியையே காக்க வைத்தது ஏற்றக்காரரின் பாட்டு என்று ஊர் சொல்லி வைத்திருக்கிறது. மின்மோட்டார் வந்த பிறகு தண்ணீருக்குக் கணக்கும் போனது, அதை வைத்திருந்த பாட்டும் போனது.

கவிதை எப்படிப் பாட்டாகிறது?

அந்தப் பையன் செய்கிற வேலை புதிதல்ல. கவிதை ஒருவருடையது, மெட்டும் குரலும் இன்னொருவருடையது என்பது நம் ஊரில் பழைய வழக்கம்.

ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் வாழ்ந்த நாதமுனிகள் ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்த கதையை வைணவ மரபு இப்படிச் சொல்கிறது: வழிப்போக்கர்கள் சிலர் பத்துப் பாட்டை மட்டும் பாடக் கேட்டார், மீதி எங்கே என்று தேடிப் போனார், கிடைத்ததும் ஏட்டில் பூட்டி வைக்கவில்லை, இசை கூட்டித் தன் மருமக்கள் இருவருக்குக் கற்றுக் கொடுத்தார். பாட்டாக ஊரில் நடமாடியதால்தான் தொலைந்தது திரும்பக் கிடைத்தது.

பாரதியாரும் 1912-இல் வந்த 'பாஞ்சாலி சபதம்' முன்னுரையில், எளிய சொல்லிலும் எளிய நடையிலும் பொதுமக்கள் விரும்பும் மெட்டிலும் காவியம் செய்பவன் மொழிக்குப் புது உயிர் தருகிறான் என்ற கருத்தைச் சொல்கிறார். அந்தக் காவியத்தை நாட்டார் மெட்டான நொண்டிச் சிந்தில்தான் பெரும்பாலும் எழுதினார்.

நம் காலத்துக்கு வந்தால் கே.ஏ.குணசேகரன். சிவகங்கை மாவட்டம் மாரந்தையில் 1955-இல் பிறந்தவர். நாட்டுப்புறக் கலையை ஆராய்ந்தவர், பேராசிரியர், 'தன்னானே' கலைக்குழுவை நடத்திய பாடகர். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த குரல் அவருடையது. இன்குலாப் கல்லூரி ஆசிரியர். அவருடைய புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குணசேகரன் பாடியதைக் கேட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலிகளும் உண்டு. இருவரும் 2016-இல், ஒருவர் ஜனவரியிலும் ஒருவர் டிசம்பரிலுமாக மறைந்தார்கள். பாட்டு இன்றும் கூட்டங்களில் ஒலிக்கிறது.

அது உரத்த பாட்டு. உரத்துப் பாட வேண்டிய நியாயம் அதற்கு இருந்தது. நம் கூத்தும் அப்படித்தான். மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய, கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி தொண்டை திறந்து பாடினார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ.இராஜகோபால் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கி, பிறகு குருகுலம் அமைத்துச் சிறுவர் சிறுமியருக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தக் குரல் பயிற்சியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். முகவீணையின் சத்தத்தையும் மீறிச் சொல் போய்ச் சேர வேண்டும்.

அப்படியானால் இந்தப் பையன் மட்டும் ஏன் மெதுவாகப் பாடுகிறான்?

பக்கத்து வீட்டில் தூங்குகிறவர்கள்

அதைத்தான் முதலில் கேட்டேன். மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து குளித்திருந்தான். காலை 8 மணி இருக்கும்.

"சத்தமாப் பாட முடியாது சார். பக்கத்து வூட்ல நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கினு இருப்பாங்க. எதிர் வூட்லயும் அதே கதை. எனக்கும் ராத்திரி பூரா லைன்ல மிஷின் சத்தம். காதுக்குள்ளயே ஓடினு இருக்கும். வூட்டுக்கு வந்து மறுபடியும் சத்தம் வேணாம்னு தோணுச்சு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியப்பா நினைப்பது போல அவன் தொண்டை பலமில்லாதவன் அல்ல. ஊர் மாறியிருக்கிறது, ஊரின் தூக்க நேரம் மாறியிருக்கிறது. பகலில் தெருவே தூங்கினால் பாட்டு அதற்குத் தகுந்த மாதிரி அடங்கத்தான் வேண்டும். நடவுக் கழனியின் நீளத்துக்கு ஏற்ற குரல் அன்று இருந்தது போல, இரண்டு வீட்டுக்கு நடுவில் உள்ள சந்துக்கு ஏற்ற குரல் இது.

கவிதை தருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் ஓய்வு பெற்ற தலையாரி. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் பள்ளி ஆசிரியை. இன்னொருவர் கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கும் பெண். மூவருமே புத்தகம் போடாதவர்கள். பையன் கவிதையை வாங்கிப் போய் ஒரு வாரம் வாயில் போட்டு மெல்கிறான். செல்போனில் சுருதி வைத்துக்கொள்கிறான். பாட வராத சொல்லை எழுதியவரிடமே கேட்டு மாற்றுகிறான். தானாக மாற்றுவதில்லை என்றான். அந்த ஒழுக்கம் எனக்குப் பிடித்தது.

அன்று பாடியது தலையாரி எழுதிய பாட்டு. ஊரின் பெரிய ஏரியைப் பற்றியது. வரத்து வாய்க்கால் எங்கிருந்து வருகிறது, சித்தேரி நிறைந்து எப்படிப் பெரிய ஏரிக்குத் தண்ணீர் விடுகிறது, கலங்கல் எந்தப் பக்கம், எந்தெந்த மடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனது. மூன்றாவது அடியில், கொட்டகை ஓரமாகச் சாணி தட்டிக்கொண்டிருந்த அவனுடைய ஆயா கையை உதறிவிட்டு வந்தார்.

"இன்னாடா பாடற? பள்ள மடையை மொதல்ல தொறந்தாங்களா? எவன் சொன்னான்?"

எதுகை சரியாக வருகிறது என்று தலையாரி பள்ள மடையை முன்னால் போட்டு எழுதியிருக்கிறார். ஆயாவின் வீட்டுக்காரர் நீர்க்கட்டியாக இருந்தவர். ஆயா விளக்கினார்: "மேட்டு மடையைத்தான் மொதல்ல தொறக்கணும். ஏரி ரொம்பி இருக்கச்சேதான் மேட்டு மடைக்குத் தண்ணி ஏறும். தண்ணி எறங்கிட்டா மேட்டுக் கய்னி காஞ்சிடும். பள்ள மடை கடைசி வரைக்கும் குடுக்கும், அதுக்கு இன்னா அவசரம்?"

ஏரிப் பாசனத்தின் அடிப்படைப் பாடம் அது. மேல் மடையின் வாய் உயரத்தில் இருக்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் குறைந்தாலும் அதன் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் மேட்டுக் கழனிக்கு முன்னுரிமை, பள்ளத்துக்குப் பொறுமை. இந்த வரிசை தவறினால் ஒரு பக்கம் பயிர் காயும், மறுபக்கம் தண்ணீர் தேங்கும், நடுவில் அடிதடி நடக்கும். இந்த வரிசையைக் காப்பாற்றத்தான் நீர்க்கட்டி என்று ஒருவரை ஊரே நியமித்து, அறுப்பில் நெல் அளந்து கொடுத்தது.

பையன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். அடுத்த வாரம் தலையாரி வரியை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எதுகை போய்விட்டது, மடை சரியாகிவிட்டது. மெட்டை அந்த இடத்தில் கொஞ்சம் வளைத்துக்கொண்டானாம்.

இங்கேதான் பெரியவர் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஒலிபெருக்கி வைத்து, மேளத்தோடு அந்தப் பாட்டை ஊர்த் திருவிழாவில் பாடியிருந்தால் ஆயா தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். எந்த மடை முதலில் என்பது அவர் காதில் விழுந்திருக்காது. மெதுவாகப் பாடியதால் சொல் கேட்டது. சொல் கேட்டதால் பிழை தெரிந்தது. பிழை தெரிந்ததால், 40 வருடமாக ஒருவரும் கேட்காத ஒரு செய்தி ஆயாவின் வாயிலிருந்து வெளியே வந்தது. எங்கள் துறைக் கையேடுகளில் ஏரி நிர்வாகம் பற்றி நிறைய இருக்கிறது. அந்த ஊர் ஏரியின் மடை வரிசை அதில் இல்லை. அது ஆயாவிடம் இருந்தது. இப்போது பாட்டில் இருக்கிறது.

புறம்போக்கு என்ற சொல்லும் ஒரு பாட்டும்

இப்படி ஒரு பாட்டு நிலத்தைப் பற்றிய பேச்சையே மாற்றிய நிகழ்ச்சி நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகம், மீனவர்களின் வாழ்வாதாரம். அனல் மின் நிலையங்களின் சாம்பலும் ஆக்கிரமிப்பும் அதை மூடிக்கொண்டு வந்தன. 2017 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. எழுதியவர் கபேர் வாசுகி என்ற இளம் பாடலாசிரியர். மெட்டமைத்தவர் வயலின் கலைஞர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. காட்சியை எண்ணூரிலேயே படம் பிடித்தார்கள்.

அதில் என்னைக் கவர்ந்தது என்னவென்றால், அந்த வரிகள் சென்னைப் பேச்சுத் தமிழில் இருந்தன. தெருவில் சண்டையில் பேசுகிற தமிழ். அதைக் கச்சேரியில் பாடுகிற மாதிரி, ராகமாலிகையாக, நிதானமாகப் பாடினார்கள். கத்தியிருந்தால் இன்னொரு போராட்டக் கோஷமாகக் கடந்து போயிருப்போம். நிதானமாகப் பாடியபோது 'புறம்போக்கு' என்ற சொல்லின் முன்னால் நின்று, இதை நாம் ஏன் வசையாகப் பயன்படுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

விவசாயிகளுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு, நத்தம் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு. தீர்வை விதிக்கப்படாத, தனியாருக்குப் பட்டா இல்லாத, ஊருக்குப் பொதுவான நிலம். உங்கள் 2 ஏக்கர் பட்டா நிலத்துக்கு மதிப்பே இந்தப் பட்டா இல்லாத நிலத்தால்தான். வரத்து வாய்க்கால் இல்லையென்றால் ஏரி இல்லை. ஏரி இல்லையென்றால் கிணற்றில் ஊற்று இல்லை. மேய்க்கால் இல்லையென்றால் இரண்டு மாடு வைத்திருப்பவர் தீவனத்தைக் கடையில் வாங்க வேண்டும். பெரிய விவசாயி சமாளித்துக்கொள்வார். சிறு விவசாயிக்குப் புறம்போக்குதான் மூலதனம்.

நம் தொழிற்பேட்டைப் பகுதியில் நிலத்தின் விலை ஏறியபோது, முதலில் கண்ணில் பட்டதும் இந்த 'யாருமற்ற' நிலம்தான். மனைப்பிரிவு போடும்போது ஒரு வாய்க்கால் மண்மூடினால், அன்றைக்கு ஒருவருக்கும் வலிக்காது. மூன்றாவது மழையில்தான் ஏரி நிறையவில்லை என்று தெரியும். அப்போது வாய்க்கால் இருந்த இடத்தைக் காட்ட ஆள் இருக்க மாட்டார்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007-இல் வந்தது. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டத்தைக் கூப்பிடுவதற்குக்கூட, அது எந்த வாய்க்கால், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் மறந்த வாய்க்காலை யாரும் தேட மாட்டார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இதே காஞ்சிபுரம் பக்கத்தில், உத்திரமேரூரில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாகக் குழு வைத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நமக்குக் கல்வெட்டு வெட்டும் வசதி இல்லை. பாட்டு இருக்கிறது.

தலையாரியின் பாட்டில் வந்த ஒரு வாய்க்கால் பெயரை 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சர்வே எண் இருக்கிறது. தரையில் பாதி தூரம் வாய்க்கால் இல்லை. ஆசிரியை யோசனைப்படி கிராம சபையில் அந்தப் பாட்டைப் பாடிவிட்டு, அந்தச் சர்வே எண்ணை அளந்து காட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். நிறைவேறியது. இதை எழுதும் வரை அளக்க ஆள் வரவில்லை. பாட்டு வாய்க்காலை மீட்டுவிடாது. சர்வேயர்தான் மீட்க வேண்டும். ஆனால் கேட்பதற்கு ஒரு கேள்வியைப் பாட்டு கொடுத்திருக்கிறது. இனி அந்த ஊரில் அதைக் கேட்காமல் விட முடியாது, ஏனென்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாய்க்கால் பெயர் வாயில் வந்துவிட்டது.

விதை நெல் போல

நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை மீட்ட முறை நம் வாசகர்களுக்குத் தெரியும். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை பெருகியது அந்த ஏற்பாட்டால்தான். குளிர்பதனக் கிடங்கில் வைத்த விதை உயிரோடு இருக்கும்; ஆனால் விதைத்த விதைதான் ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் பழகும். பாட்டுக்கும் இரண்டு வேலையும் வேண்டும். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்ற நூலாகப் பதிப்பித்தார். நா.வானமாமலை தொகுத்தார். மதுரையில் விஜயலட்சுமி, நவநீதகிருஷ்ணன் தம்பதியர் கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்து, மேடையிலும் பாடினார்கள். இதெல்லாம் கிடங்கு. கழனியில் விதைப்பது உங்கள் ஊர்க்காரர் செய்ய வேண்டியது.

இப்படி ஒரு முயற்சி உங்கள் ஊரிலும் இருந்தால், அலுவலர் பழக்கத்தில் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, எழுதியவர் பெயர். நாட்டுப்புறப் பாட்டில் பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம், பாடியவர்கள் கூலி ஆட்கள், அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை என்பதுதான். இனி அப்படி வேண்டாம். பாடும்போது எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மூன்று பேரையும் சொல்லுங்கள். எழுதியவரிடம் அனுமதி வாங்குங்கள். நோட்டில் ஒரு கையெழுத்துப் போதும்.

அடுத்து, பாட்டில் இடத்தின் பெயரும் வேலையின் வரிசையும் வந்தால், அது தெரிந்த மூத்தவர் ஒருவர் முன்னால் முதலில் பாடிக் காட்டுங்கள். மேலே சொன்ன ஆயா மாதிரி ஊருக்கு ஓர் ஆயா நிச்சயம் இருப்பார். அவர் திருத்தினால் எதுகையைப் பார்க்காமல் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்யும்போது தேதி, ஊர், பாடியவர் பெயரைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதியுங்கள். ஐந்து வருடம் கழித்து எந்தக் கோப்பு எது என்று தேட வேண்டியிருக்காது.

பிறகு, மேடை. பெரிய மேடையைத் தேட வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஏரிப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பாட்டில் வரும் நீர்நிலைகளின் சர்வே எண்களை 'அ' பதிவேட்டில் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் இணையச் சேவையிலும் அந்தப் பதிவேட்டைப் பார்க்க முடியும். பாட்டு மனதில் நிற்கும். எண் தீர்மானத்தில் நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் காரியம்.

கடைசியாகப் பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் தம்பி மகனுக்கு நான் புத்தி சொல்லவில்லை. அவனுக்கு வேலை நிரந்தரமில்லை. வேறு ஊருக்கு மாற்றினால் போக வேண்டியிருக்கும் என்றான். தலையாரிக்கு வயதாகிவிட்டது, நோட்டில் இன்னும் 30 கவிதைக்கு மேல் இருக்கிறது. உங்கள் கூத்துக் குரல் இன்னும் கெடவில்லை என்று ஆயா சொல்கிறார். அவன் ஊரில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து நாலு பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் பாடினால் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும், பரவாயில்லை. சொல் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கு எத்தனை மடை, அவற்றின் பெயர் என்ன, எது முதலில் திறப்பார்கள் என்று வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பாட்டாக இருந்தால் பாட்டாகவே அனுப்புங்கள். எழுதியவர் பெயரை மறக்காமல் போடுங்கள். சம்பா நாற்றங்காலில் மஞ்சள் பாய்வது பற்றிக் கேட்டிருந்த ஐந்து பேருக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.